கூட யார் வந்திருக்காங்க?

என் அண்ணனுக்கு முதல் மஞ்சள் காமாலை அம்மாவின் வாயிலிருந்துதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகரின் மனைவி ஆயரம்மா, "எங்கம்மா, தம்பியக் காணோம்?" என்று கேட்டார். அவர் தம்பி என்று கேட்ட என் அண்ணன் அந்த நேரத்தில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், முந்தின நாள் குடித்தது தெளியாமல் வாயைத் திறந்தபடி படுத்திருந்தான். அம்மா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "காமாலைங்க. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு" என்றாள். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காய்ச்சல் என்றால் மூன்று நாளில் எழுந்து நடமாட வேண்டும். காமாலைக்கு ஒரு மாதம் அவகாசம் உண்டு என்று அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பாள். நான் பக்கத்தில் பைபிளை அணைத்துக்கொண்டு நின்று, ஆமாம் என்று தலையாட்டினேன்.

எங்கள் சபையில் நோய் என்று யாராவது வாயைத் திறந்தால் ஜெபமும் மருந்தும் சேர்ந்தே வீடு தேடி வரும் என்பதை அம்மா மறந்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் பின்தெருவில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்துவிட்டார். அண்ணன் குடித்து முடிக்கும்வரை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. போகும்போது அவன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "நல்ல மஞ்சள்" என்றார். எண்ணெய் கூடாது, மீன் கூடாது, கறி கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எந்த நேரத்தில் உள்ளே நுழைவார் என்று சொல்ல முடியாது என்பதால் அம்மாவும் தாளிப்பதை நிறுத்திவிட்டாள். நாங்கள் சொன்ன பொய்க்கு நாங்களே ஒரு மாதம் பத்தியம் இருந்தோம்.

"குடிச்சதுக்குத் தண்டனையா இன்னொண்ணைக் குடிக்க வைக்கறாங்களே" என்றான் அண்ணன். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் அப்படித்தான். தன்னைப் பற்றியே கேலி பேசி, நாம் கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரிக்க வைத்துவிடுவான். பல்லாவரத்தில் ஷூவுக்குத் தோல் வெட்டும் ஒரு கம்பெனியில் தோலைத் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த தழும்பு என்று சொல்லிவிடுவான். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தக் கைதான்.

அதற்குப் பிறகு காமாலை எங்கள் குடும்ப வியாதியாகிவிட்டது. அவன் வேலைக்குப் போகாத நாளெல்லாம் காமாலை திரும்பிய நாள். சபையில் ஜெப விண்ணப்பம் வாசிக்கும்போது அவன் பெயர் வருவதும், நான் தலையைக் குனிந்துகொள்வதும் பழகிப்போயின. யாராவது நல்ல டாக்டர் பெயர் சொன்னால், "பாத்துட்டிருக்கோம்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொல்வேன். அம்மா தொடங்கி வைத்த பொய்யை அம்மாவைவிட ஒழுங்காக வளர்த்தவள் நான். படித்தவள் இல்லையா.

படித்தது சமூகப்பணி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலையைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். சேலையூரைத் தாண்டி மேடவாக்கம் போகும் சாலையில் ஒரு வாடகை வீட்டில், குடியிலிருந்து மீட்கும் சிறிய சிகிச்சை இல்லம் ஒன்று இருந்தது. கட்டில்கள் பாதி காலியாகக் கிடந்தன. சுற்றுவட்டாரத்தில் குடிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பிறகு ஏன் வர மாட்டேன் என்கிறார்கள்? எது தடுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது? அதை அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் கேட்டபோது, "சர்வே வேலை" என்று மட்டும் சொன்னேன். சபையில் அதையும் சொல்லவில்லை.

எங்கிருந்தோ வரவழைத்த கேள்விகளைக் கையில் கொடுத்தார்கள். செலவு, தூரம், வெட்கம், பயம், வேலை போய்விடுமோ என்ற கவலை, வீட்டார் எதிர்ப்பு. ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய தடை என்று கேட்க வேண்டும். சிறிதும் இல்லை, சற்றே, ஓரளவு, மிகவும், முழுமையாக என்று ஐந்து பதில்கள். முடிச்சூர் பக்கம் ஒரு சந்தில் முதல் நாளே அது படுத்துவிட்டது. கணவன் குடிக்கிற ஒரு பெண்ணிடம், "சற்றேவா, ஓரளவா?" என்று நான் நாலைந்து தடவை கேட்டதும் அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாமே பேஜார் பண்ற? ரெண்டும் ஒண்ணுதான" என்றாள். பிறகு, போன மழையில் அந்தச் சந்தில் தண்ணீர் நின்ற கதையைத் தானாகவே சொல்லத் தொடங்கினாள். "முன்னாடி கணுக்காலு, அப்பால முட்டி, ராவு வர்றதுக்குள்ள இடுப்பு" என்று தன் உடம்பையே தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் ஊர் முழுக்க உடம்பே அளவுகோல்தான். ரயிலில் பார்த்தாலும், "உங்க பக்கம் எவ்ளோ?" "முட்டிதான்" என்று விசாரித்துக்கொள்வார்கள். நான் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சரிக்கா, உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு நடுவுல தண்ணி நிக்குதுன்னு வெச்சுக்குங்க. வெட்கம் எது வரைக்கும் நிக்குது?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. கழுத்தைத் தொட்டாள். செலவு? முட்டி. தூரம்? கணுக்கால்.

அன்றிலிருந்து அதுதான் என் முறை. காய்ந்த தரை, கணுக்கால், முட்டி, இடுப்பு, கழுத்து. ஐந்து அளவும் சரியாகப் பொருந்தின. இல்லத்தை நடத்திய டாக்டர் அசந்துபோனார். நல்ல மனிதர், வெளியாட்கள் யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அதைச் செய்துகாட்டச் சொல்வார். நானும் கணுக்காலிலிருந்து கழுத்துவரை தொட்டுக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

எல்லா வீட்டிலும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் ஒரே பதில் வந்தது. வீட்டார் தடுத்தார்களா? "அய்யய்யோ, நாங்க ஏன் தடுக்கிறோம்?" தாய், மனைவி, மாமியார் எல்லோரும் தரை காய்ந்திருக்கிறது என்றார்கள். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். சந்தேகம் வந்திருக்க வேண்டும். எல்லோரையும்விட எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

அந்த வருடம்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பல்லாவரத்துக் குடும்பம். பையனின் அப்பா அங்கே சபையின் பொருளாளர், குடியை வேரோடு பிடுங்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறவர். பெண் பார்க்க வந்தபோது அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கை நடுக்கம் தெரியாமல் இருக்கக் காப்பித் தட்டைத் தொடாமல் நின்றான். "தம்பிக்கு உடம்பு எப்படி?" என்று கேட்டார்கள். அவர்கள் காதுவரை காமாலை போயிருந்தது. "இப்ப பரவாயில்லைங்க" என்று அவனே சொன்னான்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் இரண்டு பேரும் ஒரே ரயிலிலிருந்து இறங்கினோம். மேம்பாலப் படியில் ஏறும்போது மூச்சு வாங்கி நின்றான். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "உங்க எடத்துல என்னைச் சேத்துக்குவாங்களா?" என்று கேட்டான். கேலி இல்லாமல் அவன் பேசி நான் கேட்டது அபூர்வம்.

அங்கே ஒரு விதி இருந்தது. சேருகிறவரோடு ரத்த சொந்தம் யாராவது ஒருவர் முழு நாளும் கூடவே தங்க வேண்டும். தனியாக வந்தவர்கள் பாதியில் ஓடிப்போன அனுபவத்தில் வைத்த விதி. அம்மா வர மாட்டாள். வந்தால் காமாலை பொய் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். மீதி இருந்தது நான். நான் கூட இருந்தால் இல்லத்துக்குத் தெரியும், இல்லத்துக்குத் தெரிந்தால் சபைக்குத் தெரியும், சபைக்குத் தெரிந்தால் பல்லாவரத்துக்குத் தெரியும். இவ்வளவையும் ஒரு படி ஏறுவதற்குள் யோசித்து முடித்தேன்.

"என் கல்யாணம் முடியட்டும்ணா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றான். மீதிப் படிகளை எனக்கு முன்னால் ஏறிப் போனான்.

வெள்ளிக்கிழமைகளில் நான் இல்லத்தில் இருக்க மாட்டேன். பல்லாவரத்தில் வெள்ளிச் சந்தை. நாலா பக்கத்திலிருந்தும் பெண்கள் வருவார்கள். சந்தை ஓரத்தில் நின்று பேசினால் நிறைய வீடுகளைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். அண்ணனுக்கும் அது தெரியும். அதனால்தான் அவன் ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து இல்லத்துக்கு வந்தான். ஆனால் அன்றைக்கு விடாத மழை. சந்தை கூடவில்லை. நான் இல்லத்தின் முன்னறையில் உட்கார்ந்து பழைய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பேன்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, குடையில்லாமல் நனைந்து, அண்ணன் உள்ளே வந்தான். என்னைப் பார்த்தான். ஒரு கணம் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைத் தாண்டி டாக்டரிடம் போனான். கதவு திறந்தே இருந்தது.

"கூட யார் வந்திருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார். அவர் எல்லோரிடமும் முதலில் கேட்பது அதைத்தான்.

"யாரும் இல்ல சார். தனியாத்தான் வந்தேன்."

"வீட்டுல யாரு இருக்காங்க?"

"அம்மா மட்டும். வயசானவங்க, வர முடியாது."

"அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி?"

 மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து நின்று, "நான் இருக்கேன் டாக்டர்" என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். மூன்று வார்த்தை. என் கால் அசையவில்லை. அவன் இல்லை என்று சொல்லிவிட வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உண்மையாகவே கண்ணை மூடி ஜெபித்தேன்.

"தங்கச்சியெல்லாம் இல்ல சார்" என்றான்.

டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். பெரியப்பா, சித்தப்பா யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், கட்டில் இருக்கிறது, தாமதிக்காதீர்கள் என்றார். வாசல்வரை கூட வந்தவர் என்னைப் பார்த்ததும், "மேடம், இவர் தானாவே வந்து திரும்பிப் போறவர். இப்படி ஒருத்தர் நமக்குக் கிடைக்கிறதே கஷ்டம். ஒரு பேட்டி எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

அண்ணன் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தான். தலையிலிருந்து மேசைமேல் சொட்டிய தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தான்.  "கேளுங்க மேடம்" என்றான்.

கேட்டேன். அதுதான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது. தலைவலி என்று எழுந்து போயிருக்கலாம். கணுக்கால், முட்டி, இடுப்பு என்று அளவை அவனுக்கு விளக்கினேன். "நல்லாருக்கு மேடம், யாரு கண்டுபுடிச்சது?" என்றான். டாக்டர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். அவன் முகம் நிஜமாகவே மலர்ந்தது. தன் தங்கையைப் பிறத்தியார் புகழ்வதை அவன் கேட்டது அநேகமாக அன்றைக்குத்தான்.

செலவு? கணுக்கால். தூரம்? "நடந்தே வந்துட்டனே மேடம்." வெட்கம்? இடுப்பு. வேலை போய்விடுமோ என்ற பயம்? அதற்கும் இடுப்பு. அடுத்தது வீட்டார் எதிர்ப்பு. என் கேள்வி, "வீட்டுல... யாராவது..." என்று நின்றுவிட்டது.

அவன் குனிந்து, சுருட்டியிருந்த பேன்ட்டை மெதுவாக இறக்கிவிட்டான். "தரை காஞ்சு கிடக்குது மேடம். சொட்டுத் தண்ணி இல்ல. எங்க வீட்டுல எல்லாரும் ரொம்ப நல்லவங்க" என்றான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

"கூட ஆள் வேணும்னு சொல்றாங்களே, அது எந்தக் கேள்வியில வருது?" என்று பிறகு கேட்டான். எந்தக் கேள்வியிலும் வரவில்லை. எங்கள் விதியே ஒரு தடையாக இருக்கும் என்று கேள்வி எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. "அது இல்லைங்க" என்றேன். இல்லைங்க! என் அண்ணனிடம்.

முடிவாக, வராததற்கு முக்கியமான காரணம் என்ன என்று பேட்டி கொடுப்பவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுத வேண்டும். அவன் என் பேனாவைப் பார்த்தபடி, "நான்தான் சோம்பேறி. அப்படியே எழுதிக்குங்க மேடம்" என்றான். எழுதினேன். மழையில் இறங்கிப் போனான். எனக்கு ஒரு குடை இருந்தது, மேசைக்கு அடியில். அதையாவது கொடுத்திருக்கலாம்.

வீட்டுக்குப் போனபோது அவன் எனக்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஏதாவது சொல்வான் என்று பயந்தேன். சொல்ல மாட்டானா என்று ஏங்கினேன். "ரசத்துல உப்பு கம்மி" என்று அம்மாவிடம் சொன்னான். அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை பேசவே இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அன்று முழுக்க அவன் ஒரு துளி தொடவில்லை. பந்தியில் கறியைத் தள்ளி வைத்துவிட்டுச் சாம்பார் சாதம் சாப்பிட்டான். பின்தெரு டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடியட்டும் என்று சொன்னவள் நான்தான். முடிந்தது. முதல் கிறிஸ்துமஸ் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு நான் உண்டாகியிருந்தேன். பிரசவம் ஆகட்டும் என்று நினைத்தேன். அவன் மறுபடியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். ஒரு மனிதன் எத்தனை தடவைதான் கேட்பான்?

நடுவில் ஆய்வு முடிவை ஒரு கூட்டத்தில் வாசித்தார்கள். கைக்குழந்தையோடு போயிருந்தேன். மழைத்தண்ணீர் அளவுகோலுக்குக் கைதட்டினார்கள். சிகிச்சைக்கு வராததற்கு முதல் காரணம் குடிப்பவரின் அலட்சியம் என்றும், வீட்டார் எதிர்ப்பு அநேகமாக இல்லவே இல்லை என்றும் டாக்டர் வாசித்தார். அந்த அலட்சியத்தில் என் அண்ணனும் இருந்தான். அந்த "இல்லவே இல்லை"யில் நான் இருந்தேன். எழுந்து நின்று இது தப்பு என்று சொல்லத் தோன்றியது. குழந்தை அழுதது. அதைச் சாக்காக வைத்து வெளியே வந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் காலையில் என் மாமியார் வீட்டுக்கு மேல்வீட்டு டெலிபோனில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அண்ணனுக்குக் காமாலைடி" என்றாள்.

மேல்வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "எந்தக் காமாலைம்மா?" என்று கேட்டேன்.

 "நெஜக் காமாலை" என்றாள். பிறகு உடைந்து அழுதாள்.

போய்ப் பார்த்தபோது கண் மட்டுமல்ல, நகம்வரை மஞ்சள். வயிறு ஊதி, கால் வீங்கி, சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருந்தான். இத்தனை வருடம் நாங்கள் அவனுக்குச் சூட்டி வைத்திருந்த வியாதி, குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, கடைசியில் சொன்னபடியே வந்துவிட்டது. தெருவில் யாரும் பதறவில்லை. காமாலைதானே, அவனுக்கு வழக்கம்தானே. பின்தெரு டீச்சர், பாவம், தள்ளாத வயதில் கீழாநெல்லிச் சொம்போடு வந்து நின்றார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு வாய் குடித்தான்.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் கணவரிடம் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "இதை அப்பவே சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பேனே" என்றார். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. யாருக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அவர் அப்படிச் சொன்னார்.

வார்டில் கட்டிலில் படுக்க வைத்ததும் நர்ஸ் வந்தார். பதினொரு மணி வெயில் ஜன்னலில் அடித்தது. அண்ணன் கண்ணை மூடியிருந்தான். நர்ஸ் அவனுக்கு அந்தப் பக்கம் நின்று, எங்களைப் பார்க்காமலே, "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பதில் சொல்லிவிட்டான். "யாரும் இல்ல சார். தனியாத்தான் வந்தேன்."

"நான் இருக்கேன் சிஸ்டர்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். "நான் இவரோட தங்கச்சி."

அண்ணன் தலையை ஆட்டினான். "தங்கச்சியெல்லாம் இல்ல சார்" என்றான்.

"நெனவு தப்புதும்மா. அவரைப் பேச வைக்காதீங்க" என்று சொல்லி, நர்ஸ் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். நான் அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவனுக்கு நினைவு தப்பியிருந்தது உண்மைதான். ஆனால் அது போய் நின்ற இடம் எனக்குத் தெரியும். அந்த மழைநாளில், திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, அவன் இன்னும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் எதுவும் பேசவில்லை.